அடைக்கலம் தந்த அமீர்

போர்க்களத்தில் வென்றாரைப் போற்றும் நூல்கள் மிகப் பல. தோற்றபின் உயர்ந்து நின்றாரின் வரலாறு அரிதாகவே எழுதப்படுகிறது. அல்ஜீரிய நாட்டின் அமீர் அப்துல் காதிர் அவ்வரிய வரலாற்றுக்கு உரியவர்.

1808ஆம் ஆண்டு, மஸ்கரா நகரை அடுத்த கெத்னா என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையார் முஹ்யித்தீன், காதிரிய்யா நெறியின் ஆன்மிக ஆசான். இளமையிலேயே தந்தையாருடன் ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றிய அவர், பக்தாத் சென்று முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் அடக்கத்தலத்தையும் கண்டு திரும்பினார். தமிழக முஸ்லிம் இல்லங்களில் இன்றளவும் பெரிதும் வழங்கும் அப்பெரியாரின் திருப்பெயரே இவருக்கும் அமைந்தது நமக்கு ஓர் உறவுணர்வைத் தருகின்றது.

1830இல் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸ் நகரைக் கைப்பற்றியது. 1832இல் குலத்தலைவர்கள் ஒன்றுகூடி, இருபத்து நான்கே வயதான அப்துல் காதிரைத் தம் தலைவராக ஏற்று உறுதிமொழி அளித்தனர். அதுமுதல் பதினைந்து ஆண்டுகள் அவர் போராடினார். இடையே 1834இலும் 1837இலும் உடன்படிக்கைகள் எழுந்தன, இரண்டும் நிலைக்கவில்லை.

அக்காலத்தில் பகைவரின் தலையைக் கொய்து வந்து பரிசு பெறும் வழக்கம் இருந்தது. அமீர் அதனை ஒழித்தார். கைதியை உயிருடன், ஊறின்றிக் கொணர்வோர்க்கே பரிசு என்று விதித்தார். சிறைப்பட்ட பெண்டிரை அமீரின் அன்னையார் தம் பொறுப்பில் வைத்துப் பேணினார். கைதி ஒருவரின் மனைவி அழுது வேண்டியதால், அல்ஜியர்ஸ் ஆயர் துய்ப்புஷ், அவ்வொருவரை விடுவிக்குமாறு அமீருக்கு மடல் எழுதினார். அமீர் விடுத்த மறுமொழி ஆயரை வியப்பில் ஆழ்த்தியது. ஒருவருக்காக மட்டும் கேட்டது ஏன், சிறைப்பட்ட கிறித்தவர் அனைவருக்காகவும் கேட்டிருக்கலாமே என்று அமீர் வினவியிருந்தார். பிரெஞ்சுச் சிறைகளில் வாடும் முஸ்லிம்களுக்கும் அதே இரக்கத்தைக் காட்டுமாறு வேண்டியுமிருந்தார். அதன் பயனாக 1841இல் இருதரப்பாரும் கைதிகளை மாற்றிக்கொண்டனர்.

போரோ நாளுக்கு நாள் கொடிதாயிற்று. 1845இல் தஹ்ரா மலைக்குகையில் ஒதுங்கிய ஒரு குலத்தாரை, ஆணும் பெண்ணும் குழந்தையுமாக, பிரெஞ்சுப் படையினர் வாயிலில் தீமூட்டிப் புகையால் மடிவித்தனர். அமீரின் தரப்பிலும் ஒரு கறை படிந்தது. 1846இல் அவர் தொலைவில் இருந்தபோது அவருடைய பாசறையில் பிரெஞ்சுக் கைதிகள் பெருந்தொகையினர் கொல்லப்பட்டனர். அவர் ஆணையால் அது நிகழவில்லை என்பர். எனினும் அவர் பாசறையில் நிகழ்ந்ததை வரலாறு எழுதுவோர் மறைத்தல் தகாது.

1847 டிசம்பரில், மேலும் குருதி சிந்துவதால் பயனில்லை எனத் தெளிந்து அமீர் படைக்கலம் துறந்தார். அலெக்சாந்திரியாவுக்கோ அக்காவுக்கோ செல்லவிடுவதாக பிரெஞ்சுத் தளபதியர் வாக்களித்தனர். கப்பல் சென்று சேர்ந்ததோ பிரான்சின் தூலோன் துறைமுகம். அங்கும், போ நகரிலும், பின்னர் ஆம்புவாஸ் கோட்டையிலுமாக ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அவர் சிறையிருந்தார். வெயிலில் வளர்ந்த அவர்தம் சுற்றத்தார் அக்குளிரில் ஒவ்வொருவராக மாய்ந்தனர். இருபத்தைந்து பேரின் அடக்கத்தலங்கள் அக்கோட்டைத் தோட்டத்தில் உள்ளன.

இந்நிலையில் அவருக்காகப் பரிந்து பேச முன்வந்தவர் பழைய ஆயர் துய்ப்புஷ்! அமீரைச் சிறையில் கண்டு பழகி, அவர் பண்பை விளக்கி, விடுதலை வேண்டி 1849இல் ஒரு நூலே வெளியிட்டார். 1852 அக்டோபரில் குடியரசுத் தலைவர் லூயி நெப்போலியன் நேரில் வந்து விடுதலையை அறிவித்தார். துருக்கியின் புர்சா நகரில் சின்னாள் வாழ்ந்த அமீர், 1855இல் டமாஸ்கஸ் சென்று, இப்னு அரபியின் நூல்களை ஆய்வதிலும் பாடம் சொல்வதிலும் காலம் கழித்தார்.

1860இல் லெபனான் மலைப்பகுதியில் துரூசியருக்கும் மாரோனியக் கிறித்தவருக்கும் மூண்ட போரின் வெம்மை டமாஸ்கஸையும் தாக்கிற்று. கலவரம் வரும் என்று அமீர் முன்னரே ஆளுநரிடம் எச்சரித்தும் பயனில்லை. ஜூலை 9ஆம் நாள் கிறித்தவர் வாழும் பகுதி தீப்பற்றி எரிந்தது. தம்முடன் வாழ்ந்த அல்ஜீரிய வீரர்களைத் திரட்டிக்கொண்டு அமீர் தெருவில் இறங்கினார். முதலில் அவர் தம் இல்லத்தில் அடைக்கலம் அளித்தவர்களுள் பிரெஞ்சு நாட்டுத் தூதரக அலுவலரும் ஒருவர். கொடுத்த வாக்கை மறந்து தம்மைச் சிறையிட்ட அரசின் ஆள் அவர்! அந்தக் கணக்கை அமீர் அன்று எடுத்துப் பார்க்கவேயில்லை.

வீடு நிறைந்தபோது அடைக்கலம் புகுந்தோரை நகரக் கோட்டைக்கு அனுப்பினார். உயிருடன் கொண்டுவரப்படும் ஒவ்வொரு கிறித்தவருக்கும் பணம் என்று அறிவித்தார். பாசறையில் இட்ட பழைய விதியே இங்கும் உயிர்பெற்றது. வெகுண்ட கூட்டம் வாயிலில் திரண்டு அவர்களை ஒப்படைக்கக் கேட்டபோது, மார்க்கம் இதனை ஒப்பாது என்று இடித்துரைத்து, தம் வீரர்கள் உள்ளவரை ஒருவரையும் தர இயலாது என்று மறுத்தார். கூட்டம் கலைந்தது. பல்லாயிரவர் பிழைத்தனர். பிரான்சு தன் உயரிய விருதை அவருக்கு வழங்கிற்று. உருசியரை எதிர்த்துப் போராடித் தோற்று, அந்நாட்டில் காவலில் இருந்த காக்கேசியத்து இமாம் ஷாமில், அமீரைப் பாராட்டி மடல் வரைந்தார். ஆயர் துய்ப்புஷ் இதனைக் காணவில்லை. 1856இலேயே அவர் மறைந்துவிட்டார்.

அமீர் 1883 மே 26ஆம் நாள் டமாஸ்கஸில் காலமானார். இப்னு அரபியின் அருகே அடக்கம் செய்யப்பெற்ற அவருடைய உடல் எச்சங்கள், நாடு விடுதலை பெற்றபின் 1966இல் அல்ஜீரியாவுக்குக் கொண்டுவரப்பட்டு மீண்டும் அடக்கம் செய்யப்பெற்றன. ஆம்புவாஸில் துயிலும் இருபத்தைந்து பேரும் அங்கேயே உள்ளனர்.