ஃபூட் துரையின் பாறைப்படம்

ஆத்தூரில் நின்று நோக்குவார்க்கு வடபால் கல்வராயன் மலையும் தென்பால் பச்சைமலையும் தோன்றும். மேற்கே, சேலத்தை அடுத்து நிற்பது சேர்வராயன் மலை. அம்மலைமேல் ஏற்காட்டில் தம் முதுமையைக் கழித்த இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் ஆங்கிலப் பெரியாரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

இவர் 1834-ஆம் ஆண்டு பிறந்து, 1858-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையிற் சேர்ந்து, சென்னை மாகாணத்திற் பணி ஏற்றார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு வேதாகமத்தைத் தமிழாக்கிய பெர்சிவல் பாதிரியாரின் புதல்வியை மணந்தவர் இவர் என்பது தமிழ் பயிலும் நமக்கு உவப்பளிக்கும் செய்தி.

1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் பல்லாவரத்தில் இவர் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்ததைப் பலரும் அறிவர். ஆயினும் துரையவர்கள் சம்பளம் பெற்றது பாறைகளை வகுத்துப் படம் வரைதற்கே. நாம் பெரிதாகக் கருதுவதும் அப்பணியே. வில்லியம் கிங் என்பாருடன் கூடித் திருச்சிராப்பள்ளி, சேலம், தென்னார்க்காடு ஜில்லாப் பகுதிகளின் நிலவமைப்பை ஆராய்ந்து 1864-ல் நூலாக்கினார். விமானமும் விண்கலமும் இல்லாத காலம் அது. ஓடைக்கரையில் வெளிப்பட்ட பாறையைச் சுத்தியலால் உடைத்துப் பார்த்தும், அதன் சாய்வை அளந்துமே மண்ணுள் மறைந்ததை உய்த்துணர வேண்டும். எத்துணைப் பொறுமை வேண்டும்!

ஆத்தூர்ப் பக்கத்துப் பாறை பெரும்பாலும் நீரிற் கரையாத கடும்பாறை. கர்நூல் ஜில்லாவிலோ சுண்ணாம்புக்கல் மிகுதி. மழைநீர் கரியமில வாயு கலந்து சிறிது புளிப்பேறி, அக்கல்லைக் கரைத்துக் குகையாக்கும். குகையின் கூரை சுமை தாங்காதபோது மேல்நிலம் திடீரென உள்வாங்கிக் குழியாகும். அந்நாட்டுப் பில்லா சுர்கம் குகைகளை ஃபூட் துரை ஆராய்ந்தார். அவர் மகனாரும் 1884-85-ல் அவற்றை அகழ்ந்து விலங்கெலும்புகள் பல எடுத்தார்.

கர்நூலை அடுத்த கடப்பை ஜில்லாவில், 2015-ஆம் ஆண்டுப் பெருமழைக்குப்பின், சிந்தகொம்மதின்னெ வட்டாரத்தில் இத்தகைய குழிகள் விழுந்தன. ஊரார் அஞ்சி நடுங்கினர். இந்நாளில் விண்கலத்து ரேடார் ஓரிடத்தை வெவ்வேறு நாட்களிற் படம்பிடித்து, நிலம் சில மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பினும் காட்டவல்லது. எனினும் தாழ்ந்த மண்ணின்கீழ் இருப்பது சுண்ணாம்புக்கல்லோ கருங்கல்லோ என அறிதற்கு, நடந்து வரைந்த பாறைப்படத்தையே விரித்துப் பார்த்தல் வேண்டும்.

ஃபூட் துரை 1891-ல் ஓய்வுபெற்றுப் பின்னர்ப் பரோடா அரசுக்கும் நிலவியற்பணி புரிந்தார். தாம் திரட்டிய தொல்பொருள்களைச் சென்னை அருங்காட்சியகம் 1904-ல் விலைக்குப் பெற இசைந்தார். 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் உயிர்நீத்தார். அவர் நினைவிடம் ஏற்காட்டுத் தூய திரித்துவ ஆலயத்தில் உள்ளது.