புதுநூற்றாண்டின் முதல்நாளில் மறைந்த பதிப்பாசிரியர்

1901 ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி 20 ஆம் நூற்றாண்டு பிறந்தது. அவுஸ்திரேலியக் கூட்டாட்சி உதயமானதும் அன்றுதான். அதே நாளில் சென்னையில் காலமானார் ராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளை.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832 செப்டெம்பர் 12 இல் பிறந்த அவர், வட்டுக்கோட்டை செமினரியில் பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். கும்பகோணத்தில் வழக்கறிஞராகவும் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் பணியாற்றினார்.

எனினும், அவர் பெயரை நிலைபெறச் செய்தது பதவியன்று, பதிப்புப் பணியே. கறையானுக்கு இரையாகிக் கொண்டிருந்த ஏடுகளைத் தேடிப் பெற்று, பிரதிகளை ஒப்புநோக்கி அச்சேற்றினார். 1881 இல் வீரசோழியமும் 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும் 1887 இல் கலித்தொகையும் அவரால் வெளிவந்தன. கண்டி தந்த அறிஞர் சித்திலெப்பையின் அசன்பே சரித்திரம் என்னும் நாவல் வெளியானதும் அதே 1885 இலேயாகும். ஒருவர் பழையதைக் காத்தார். மற்றவர் புதியதைப் படைத்தார். இருவராலும் வளம்பெற்றது ஒரே மொழி.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது அங்கிருந்த ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. தாமோதரம்பிள்ளை அச்சிட்ட நூல்களோ பல ஊர்களுக்கும் பரவியிருந்தமையால் அழியவில்லை. ஒரேயொரு பிரதியாக இருக்கும் எந்த நூலுக்கும் பாதுகாப்பில்லை என்பதே இதன் பாடம்.

நம் இல்லங்களிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் எஞ்சியுள்ள ஏடுகளையும் அறபுத்தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளையும் காலந் தாழ்த்தாது படியெடுத்துப் பேணுவோமாயின், அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.