தாம்பரத்துக் குடிசையின் இல்லறம்

முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், உத்திரமேரூர்ச் சபை மண்டபச் சுவரில் பொறிக்கப்பட்ட குடவோலை விதிகளை இவ்வூரார் நன்கறிவர். வாரியம் செய்வோர்க்குக் கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். தன் மனையில் கட்டிய வீடு வேண்டும். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர்க்கும் அவர்தம் சுற்றத்தார்க்கும் இடமில்லை. இவ்விதிகளைக் கொண்டு அளந்தால், பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம் முதலிரண்டில் தேறார். மூன்றாவதில் அவரை மிஞ்சுவார் அரியர். எனினும் அவர் பொதுவாழ்வின் கணக்கில் ஒரு செலவு பெரும்பாலும் எழுதப்படாமலே நின்றது. அது அவர் இல்லத்தார் செலுத்தியது.

நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டியில் 1907 ஆகஸ்டு 21இல் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் சொரிமுத்து. கதரும் தீண்டாமை ஒழிப்பும் இளமையிலேயே அவரை ஈர்த்தன. காரைக்குடியை அடுத்த சிராவயலில் அவர் நடத்திய ஆசிரமத்துக்கு 1927இல் காந்தியடிகள் வந்தார். சொத்து யாதென அடிகள் வினவ, இந்தியாவே தம் சொத்து என்றார் இளைஞர். அவரே இந்தியாவின் சொத்து என அடிகள் வாழ்த்தினார் என்பர். பின்னர்ச் சுயமரியாதை இயக்கம், அங்கிருந்து பொதுவுடைமை. பகத்சிங்கின் நாத்திக நூலைத் தமிழாக்கியதற்காகச் சிறை புகுந்தார். 1937இல் தோன்றிய ‘ஜனசக்தி’ அவர் குரலாயிற்று.

சிறையும் ஊர் கடத்தலும் மாறி மாறி வந்த அந்நாளில், கடலூர்க் குலசேகரதாசின் மகள் கண்ணம்மா அவர் கைப்பிடித்தார். பெண் மகவு ஒன்றை ஈன்ற சில நாள்களிலேயே கண்ணம்மா மறைந்தார். குழந்தை குமுதா தந்தையைப் பிரிந்து வளர்ந்தாள்.

1948இல் பத்மாவதியைக் கலப்புமணம் புரிந்தார் ஜீவா. அரசின் அடக்குமுறை கட்சியின்மீது கடுமையாகப் பாய்ந்த ஆண்டு அது. கணவர் தலைமறைவாகத் திரிய நேர்ந்தது. புதுமனையின் முதற்சீர் பிரிவாகவே அமைந்தது.

1952இல் வண்ணாரப்பேட்டைத் தொகுதி அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. உறுப்பினரான பின்னரும் வறுமை அகலவில்லை. அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த தாம்பரத்தில், ஓலைக் குடிசையே அவர் இல்லம். பள்ளி விழாவொன்றுக்கு அழைத்துச் செல்ல முதலமைச்சர் காமராசர் அக்குடிசைக்கு வந்தபோது, துவைத்த ஒரே வேட்டி உலரும்வரை ஜீவா காத்திருந்தார் என்று இன்றும் சொல்லப்படுகிறது. அவ்வறுமையை மனமுவந்து ஏற்றவர் அவர். ஆனால் உலை வைக்க வேண்டியவர் பத்மாவதி. ஆசிரியப் பணியேற்று அவரே குடும்பத்தைத் தாங்கினார். அப்பணி ஜீவா அறியாவண்ணம் காமராசர் செய்த ஏற்பாடு என்றும், அறிந்திருந்தால் மறுத்திருப்பார் என்றும் கூறுவோர் உண்டு. மறுக்கும் பெருமை அவர்க்கு. மறுக்க இயலாப் பொறுப்பு மனைவிக்கு.

ஆண்டுகள் கழித்து, கண்ணம்மாவின் மகள் தந்தையைத் தேடி வந்தாள். தான் இன்னாரின் பேத்தி, இன்னாரின் மகள் என்று சிறு சீட்டெழுதி அனுப்பினாள். மேடைகளில் மணிக்கணக்கில் முழங்கிய நா அன்று சொல்லிழந்தது.

பாரதியைப் பாட்டாளியிடமும் கம்பனைப் பொதுவுடைமையரிடமும் கொண்டுசேர்த்தவர் அவர். 1959இல் ‘தாமரை’ இதழ், 1961இல் கலை இலக்கியப் பெருமன்றம் என, அவர் நட்டவை கவிஞர் பலர்க்கு நிழலாயின.

1963 ஜனவரி 18இல் சென்னையில் அவர் மூச்சு அடங்கியது. அகவை 55. காமராசருக்குத் தொலைபேசியில் தெரிவிக்குமாறும், பத்மாவதிக்குத் தந்தி கொடுக்குமாறும் கூறியவையே அவர்தம் இறுதிச் சொற்கள் என்பர். ஒன்று பொதுவாழ்வின் நட்புக்கு. மற்றொன்று இல்லறத்தின் துணைக்கு. நாடு அவரை நினைக்கும்போதெல்லாம் முதற்செய்தியை நினைக்கிறது. அந்தத் தந்திக்குரியவரையும் சேர்த்தெழுதும்போதே ஜீவாவின் கணக்கு நேராகும்.