காலரா ஊசி தந்த ஹாப்கின்

நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் பெரியவர்களுக்கு ஒரு தாள் நன்றாக நினைவிருக்கும். அம்மை குத்தியதற்கும் காலரா ஊசி போட்டதற்கும் டாக்டர் கையெழுத்திட்டுத் தந்த தாள் அது. அதில் ஏதேனும் கோளாறு என்றால் ஜெரஜாக் தீவில் இறக்கிவிடுவார்களோ என்ற கவலை கப்பல் நெடுக இருக்கும். கை வீங்கி, காய்ச்சலில் கிடந்து, ஊசி போட்டவரைத் திட்டிக்கொண்டே அலோர் ஸ்டாருக்கும் கோலா கெடாவுக்கும் வந்து கடை வைத்தவர்கள் அநேகர். அவ்வூசியின் மூலபுருஷர்களில் ஒருவரான வால்டிமர் ஹாப்கின் என்பவரின் வாழ்க்கையை நம் வர்த்தக சகோதரர்கள் அறிந்துகொள்வது நல்லது. சரக்கின் தரமும் பெயரின் மதிப்பும் எப்படிப் பிணைந்தவை என்பதை வியாபாரிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை அல்லவா?

ஹாப்கின் 1860ஆம் ஆண்டு ருஷ்ய ஆட்சியிலிருந்த ஒடெஸ்ஸா நகரில் ஒரு யூத வணிகக் குடும்பத்தில் பிறந்தார். உயிரியல் பயின்றார், வைத்தியப் பட்டம் பெற்றவரல்லர். இந்தக் குறையைப் பிற்காலத்தில் வெள்ளைக்கார டாக்டர்கள் அவருக்கு மறக்கவேவிடவில்லை. மதம் மாறினால் சர்வகலாசாலையில் உத்தியோகம் உண்டு என்ற நிலையில், மாறாமல் நாட்டை விட்டுப் புறப்பட்டார். 1889இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆராய்ச்சிசாலையில் அவருக்குக் கிடைத்தது புத்தகசாலை வேலைதான். ஓய்வு நேரங்களில் காலராக் கிருமியை ஆராய்ந்தார்.

காலராவுக்கு ஊசி என்பது அவருக்கு முன்பே வந்த எண்ணம். ஸ்பெயின் தேசத்தில் பெர்ரான் என்பவர் 1885இலேயே ஆயிரக்கணக்கானோருக்குப் போட்டார். ஆனால் செய்முறையை ஒளித்தார். காட்டிய கணக்கும் நம்பத்தக்கதாயில்லை. ஆகவே உலகம் ஏற்கவில்லை. ஹாப்கின் பிராணிகளில் சோதித்துப் பார்த்த பிறகு, 1892 ஜூலை 18ஆம் நாள் தம் உடம்பிலேயே மருந்தைச் செலுத்திக்கொண்டார். காய்ச்சல் வந்தது, போயிற்று. அதனால் மருந்து ஆபத்தில்லாதது என்று தெரிந்ததே தவிர, நோயைத் தடுக்கும் என்று தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள நோய் இருக்கும் ஊருக்கே போகவேண்டும்.

1893இல் கல்கத்தா வந்து சேர்ந்தார். மறு ஆண்டு மார்ச்சு மாதம் காத்தால் பாகான் என்ற சேரியில் காலரா புகுந்தது. அங்கிருந்த சுமார் 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அதன்பின் நோய் கண்டவர்கள் 10 பேர். அத்தனை பேரும் ஊசி போடாதவர்களே. ஒரே தண்ணீர், ஒரே சந்து. வித்தியாசம் ஊசி ஒன்றுதான். அவர் செய்த காரியத்தின் சாரம் இதுவே. ஊசி போட்டவர்களை மட்டும் எண்ணி, பிழைத்தார்கள் பாருங்கள் என்று சொல்வது எளிது; போடாதவர்களையும் பக்கத்தில் நிறுத்தி எண்ணினால்தான் அது கணக்கு. வரவை மட்டும் எழுதி வைக்கும் பேரேட்டை நம்மில் யார் ஒப்புக்கொள்வோம்? அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளரிடையிலும் அவர் இவ்விதமே எண்ணி வந்தார்.

1896இல் பம்பாயில் பிளேக் தோன்றியது. சர்க்கார் ஹாப்கினை அழைத்து, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு நடைக்கூடத்தைக் கொடுத்தது. உதவிக்கு ஒரு குமாஸ்தா, மூன்று பியூன்கள். அங்கே ஆட்டிறைச்சிச் சாற்றில் நெய் மிதக்கவிட்டுக் கிருமியை வளர்த்தார். மாடும் பன்றியும் சேர்ந்தால் இந்துக்களும் முஸ்லிம்களும் தொடமாட்டார்கள் என்பதை அறிந்து செய்த ஏற்பாடு அது. வளர்ந்த கிருமியைச் சூடேற்றிக் கொன்று, கார்பாலிக் அமிலம் சேர்த்துப் புட்டியில் அடைத்தார். 1897 ஜனவரி 10ஆம் நாள் மறுபடியும் முதல் ஊசி அவருக்கேதான். பின்னால் மற்றவர்களுக்குப் போட்டதைவிடப் பன்மடங்கு அதிக அளவு.

அம்மாதக் கடைசியில் பைகுல்லாச் சிறையில் பிளேக் புகுந்தது. கைதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இசைந்து ஊசி ஏற்றனர். பின்னர் ஏற்காதவர்களில் 12 பேருக்கு நோய் கண்டு 6 பேர் மாண்டனர். ஏற்றவர்களில் 2 பேருக்கு நோய் கண்டது, ஒருவரும் மாளவில்லை. சிறைவாசியின் சம்மதத்தை இக்காலத்தார் முழுச் சம்மதமாக ஏற்கமாட்டார்கள், அது நியாயமே. அடுத்த ஆண்டு பரோடாவுக்கருகே உந்தேரா கிராமத்தில், ஒவ்வொரு குடும்பத்திலும் பாதிப்பேருக்கு ஊசி, பாதிப்பேருக்கு இல்லை என்று பிரித்தார்கள். நோய் புகுந்த குடும்பங்களில் ஊசி போடாத 64 பேரில் 26 பேர் இறந்தனர். போட்ட 71 பேரில் இறந்தவர் 3 பேர். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள் இவர்கள்.

அக்காலத்து முஸ்லிம்களின் நிலையையும் இங்கே சொல்லவேண்டும். பிளேக்கை முன்னிட்டு 1897இல் இந்தியத் துறைமுகங்களிலிருந்து ஹஜ்ஜுப் பயணமே நிறுத்தப்பட்டது. பம்பாயில் வீடு வீடாகப் புகுந்து நோயாளிகளைத் தூக்கிச் சென்றனர். 1898 மார்ச்சு 9ஆம் நாள், நெசவாளர் குடும்பம் ஒன்றின் சிறு பெண்ணைக் கொண்டுபோக முயன்றபோது பெருங்கலகம் மூண்டது. இவ்வளவு கசப்புக்கிடையில் சர்க்கார் ஊசியை எவர்தான் நம்புவார்? அந்நேரத்தில் இருபது வயதளவே ஆகியிருந்த ஆகா கான் அவர்கள், தம் மாளிகையொன்றை ஹாப்கினின் ஆராய்ச்சிக்குக் கொடுத்ததோடு, மக்கள் முன்னிலையில் தாமே ஊசி போட்டுக்கொண்டார். கோஜா வகுப்பாரில் ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்ந்தனர். 2021இல் கோவிட் ஊசிக்கு நம் கெடாவிலும் சிலர் தயங்கி நின்றபோது, முதலில் சட்டைக் கையை மடித்த பெரியவர்களால்தான் மற்றவர்களுக்குத் துணிவு வந்ததென்பதை நாம் கண்டோமல்லவா?

1899இல் பரேலில் பழைய கவர்னர் மாளிகை ஹாப்கினின் ஆராய்ச்சிசாலையாயிற்று. லட்சக்கணக்கான வேளை மருந்து அங்கிருந்து புறப்பட்டது.

1902 அக்டோபர் 30ஆம் நாள் பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். ஐந்து புட்டிகளிலிருந்து எடுத்த மருந்து. நான்கு புட்டியில் பெற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. 53 என்ற எண்ணிட்ட புட்டியிலிருந்து பெற்ற 19 பேருக்கு ஒரு வாரத்தில் தாடை இறுகியது. தனுர்வாதம். பத்தொன்பது பேரும் இறந்தனர். எளிய கிராமத்து ஜனங்கள். நோய்க்குப் பயந்து கையை நீட்டியவர்கள்.

விசாரணைக் குழு, மருந்து பரேலிலேயே கெட்டிருக்கவேண்டும் என்றது. விரைவாக மருந்து வேண்டுமென்று பஞ்சாப் கேட்டதால் ஹாப்கின் புதுமுறையில் கார்பாலிக் சேர்க்காமல் செய்திருந்தார். அதுவே குற்றமாகக் காட்டப்பட்டது. அவர் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். ஆனால் புட்டியைத் திறந்த உதவியாள் இடுக்கியைத் தரையில் தவறவிட்டு, முறைப்படி சுத்தம் செய்யாமல் அதனாலேயே தக்கையை எடுத்தான் என்பது சாட்சியத்தில் இருந்தது. வாரக்கணக்கில் மூடிக் கிடந்த புட்டியில் தனுர்வாதக் கிருமி வளர்ந்திருந்தால் துர்நாற்றம் வீசியிருக்கும். டாக்டர் அப்படி எதையும் உணரவில்லை. நோய் ஏழு நாள் கழித்து வந்ததும் புதிதாகப் பட்ட சிறு அழுக்கையே காட்டியது. போட்டவரையும் போடாதவரையும் அவ்வளவு நுட்பமாக எண்ணிப் பார்த்த மனிதரின் வழக்கில், எதிர்ப்பக்கத்துக் கணக்கை எண்ண யாரும் பொறுமை காட்டவில்லை என்றே எமக்குத் தோன்றுகிறது.

மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்ட ரொனால்ட் ராஸ் முதலான பத்து விஞ்ஞானிகள் 1907இல் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் அவருக்காக வாதாடினர். அவ்வாண்டிறுதியில் சர்க்கார் இறங்கிவந்து வேலை கொடுத்தது, கல்கத்தாவில். பரேலை அவரிடம் திருப்பித் தரவில்லை. சில ஆண்டுகள் இருந்துவிட்டு ஐரோப்பா திரும்பினார்.

அவருடைய மருந்துகள் இன்று அதே உருவில் இல்லை. பிளேக் வந்தவரைக் குணப்படுத்த ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகள் உண்டு. காலராவுக்கு வாய்வழியாகக் கொடுக்கும் தடுப்பு மருந்து வந்துவிட்டது. பிரித்து எண்ணிப் பார்க்கும் முறை மாத்திரம் மேலும் கடுமையாகி நிலைத்துள்ளது. கோவிட் ஊசிகளும் அம்முறையைக் கடந்தே நம் கைக்கு வந்தன.

1925இல் பரேல் ஆராய்ச்சிசாலைக்கு ஹாப்கின் பெயர் சூட்டப்பட்டது. அவர் விவாகம் செய்துகொள்ளவில்லை. 1930 அக்டோபர் 26ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார். சேர்த்த பொருளைக் கிழக்கு ஐரோப்பாவில் யூதப் பிள்ளைகள் வேதம் ஓதும் பாடசாலைகளுக்கு எழுதி வைத்திருந்தார்.