கேம் பாயில் தையல், மீன் தேடல், டிக்‌ஷனரி... கேம் கருவிக்குள் கடிகாரம் வைத்த குன்பெய் யோகோய் யார்?

நிண்டெண்டோ ஸ்விட்ச் வாங்கியவர்களில் பலர் அதில் யூடியூப்பும் பார்க்கிறார்கள். ஸ்டீம் டெக் வைத்திருப்பவர்கள் டெஸ்க்டாப் மோடுக்குப் போய் பிரவுசர் திறந்து ஆபீஸ் வேலையே முடித்துவிடுகிறார்கள். கேம் விளையாட வாங்கிய கருவியில் வேறு வேலை பார்ப்பது ஏதோ இப்போது வந்த பழக்கம் மாதிரி தெரியலாம். ஆனால் நிண்டெண்டோவின் முதல் கையடக்க கேம் கருவியிலேயே, 1980-லேயே, கேம் இல்லாத ஒரு பயன்பாடு இருந்தது. அது கடிகாரம். கருவியின் பேரே கேம் அண்ட் வாட்ச்.

அதைச் செய்தவர் குன்பெய் யோகோய். கேம் பாய்க்குப் பின்னால் இருந்தவரும் இவர்தான். ஆனால் மரியோவை உருவாக்கிய மியாமோட்டோவின் பெயர் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் வெளியே தெரியாது.

சீட்டுக்கட்டு மெஷினில் இருந்து தொடங்கிய கதை

யோகோய் பிறந்தது 1941 செப்டம்பர் 10, ஜப்பானின் கியோட்டோவில். அங்கேயே டோஷிஷா பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தார். 1965-ல் நிண்டெண்டோவில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது நிண்டெண்டோ என்றால் வீடியோ கேம் இல்லை, ஹனாஃபுடா என்கிற ஜப்பானிய சீட்டுக்கட்டு. சீட்டு தயாரிக்கும் மெஷின்களைப் பழுது பார்ப்பதுதான் யோகோயின் வேலை.

வேலை கம்மி, பொழுது நிறைய. சும்மா இருக்கும் நேரத்தில் கத்திரிக்கோல் மாதிரி மடங்கி நீளும் ஒரு விளையாட்டுக் கையைச் செய்தார். தூரத்தில் இருக்கும் பொருளை எட்டிப் பிடிக்கும். 1966-ல் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்த கம்பெனித் தலைவர் ஹிரோஷி யமாவுச்சியின் கண்ணில் இது பட்டுவிட்டது. திட்டு விழும் என்று பார்த்தால், இதை விற்பனைக்குத் தயார் செய் என்று உத்தரவு வந்தது. அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயரில் அந்த ஆண்டே கடைக்கு வந்து, பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. மெஷின் மெக்கானிக் அப்போதிருந்து பொம்மை வடிவமைப்பாளர் ஆனார்.

பழைய டெக்னாலஜி, புது வேலை

யோகோயின் கொள்கையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். புத்தம் புது டெக்னாலஜிக்குப் பின்னால் ஓடாதே. பழகிப் போய், விலை இறங்கி, எல்லா குறையும் தெரிந்துவிட்ட டெக்னாலஜியை எடுத்து, யாரும் யோசிக்காத வேலைக்குப் போடு. அவ்ளோதான்.

1970-களில் அவர் செய்த லெஃப்டி என்ற ரிமோட் கார் இதற்கு நல்ல உதாரணம். அந்தக் காலத்தில் ரிமோட் கார் என்றால் விலை எகிறும். எல்லா பக்கமும் திரும்ப பல சேனல் வேண்டும். யோகோய் ஒரே சேனலோடு நிறுத்தினார். கார் இடது பக்கம் மட்டும்தான் திரும்பும். ரேஸ் டிராக்கில் வட்டமடிக்க அது போதாதா? விலை இறங்கியது. அதே ஒற்றை சேனல் யோசனையில் 1979-ல் சிரிடோரி என்ற ரிமோட் வாக்யூம் கிளீனரும் வந்தது. தரையில் ஓடித் தூசி உறிஞ்சும் குட்டிப் பெட்டி. கேம் கம்பெனி வீடு கூட்டும் கருவி விற்ற காலமும் இருந்திருக்கிறது.

கடிகாரம் எப்படி உள்ளே வந்தது?

ஷின்கான்சென் புல்லட் ரயில் பயணம் ஒன்றில், ஆபீஸ் வேலைக்காரர் ஒருவர் பொழுது போகாமல் கையிலிருந்த கால்குலேட்டரின் பட்டன்களை அமுக்கிக்கொண்டிருந்ததை யோகோய் பார்த்தார். பெரியவர்கள் யாருக்கும் தெரியாமல் கைக்குள் வைத்து விளையாட ஒரு குட்டிக் கருவி இருந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

பிறகு ஒரு நாள் யமாவுச்சியின் டிரைவர் வரவில்லை. வெளிநாட்டு கார் ஓட்டத் தெரிந்த யோகோயைக் கூப்பிட்டார்கள். வழியில் பேச்சுவாக்கில் இந்த யோசனையைச் சொல்லி வைத்தார். தலைவர் பெரிதாகக் கண்டுகொண்ட மாதிரி தெரியவில்லை. ஆனால் ஒரு வாரத்தில் ஷார்ப் கம்பெனியின் பெரிய அதிகாரிகள் நிண்டெண்டோ வாசலில் நின்றார்கள்.

ஷார்ப் ஏன்? 1970-களில் ஷார்ப்பும் காசியோவும் கால்குலேட்டர் விலைப்போரில் மோதிக்கொண்டன. அந்தச் சண்டையில் எல்சிடி திரையும் கால்குலேட்டர் சிப்பும் மலிந்துபோயின. பழகி, விலை இறங்கிய டெக்னாலஜி. யோகோய்க்கு வேண்டியதும் அதுவே. கால்குலேட்டரில் 8 என்ற எண்ணின் கோடுகள் முன்கூட்டியே திரையில் பதிந்திருக்கும். தேவையானது மட்டும் கறுப்பாகத் தெரியும். கேம் அண்ட் வாட்ச்சிலும் அதே முறைதான். எண்ணுக்குப் பதிலாக ஒரு மனிதனின் கை, ஒரு பந்து என்று பதித்தார்கள். எண் காட்டும் திரை, பட்டன் பேட்டரி எல்லாம் ஏற்கனவே உள்ளே இருப்பதால் மணி காட்டுவதற்கு என்று பெரிய செலவு இல்லை.

1980 ஏப்ரல் 28-ல் வந்த முதல் கருவி பால். விலை 5,800 யென். விளையாடாத நேரத்தில் மேசை மேல் கடிகாரமாக நிற்கும். அடுத்தடுத்து வந்த மாடல்களில் அலாரமும் சேர்ந்தது. மொத்தம் 4.34 கோடி கருவிகள் விற்றன. கடனில் இருந்த நிண்டெண்டோ தலை நிமிர்ந்தது இந்தக் குட்டிப் பெட்டியால்தான். 1982-ல் வந்த டாங்கி காங் மாடலில் இடது கட்டைவிரலுக்கு ஒரு கூட்டல் குறி பட்டன் வைத்தார் யோகோய். இன்றைக்கும் கேம் கன்ட்ரோலர்களில் இருக்கிறதே, அதேதான்.

கலர் இல்லாத கேம் பாய் ஜெயித்தது எப்படி?

1989 ஏப்ரல் 21. ஜப்பானில் 12,500 யென் விலையில் கேம் பாய் வந்தது. யோகோய் தலைமை தாங்கிய குழுவின் தயாரிப்பு. உள்ளே இருந்த பொறியியலில் சடோரு ஒகாடாவின் பங்கு பெரியது. அதை விட்டுவிட்டு யோகோய்க்கே முழுப் புகழையும் கொடுப்பது நியாயம் இல்லை.

திரை 160-க்கு 144 புள்ளிகள். பச்சை கலந்த நான்கே சாயல்கள். பின்விளக்கு கிடையாது. அதே ஆண்டு வந்த அடாரி லிங்க்ஸிலும், 1990-ல் வந்த சேகா கேம் கியரிலும் கலர் திரை ஜொலித்தது. ஆனால் கேம் கியர் ஆறு ஏஏ பேட்டரியைத் தின்றுவிட்டு ஐந்து மணி நேரம் கூடத் தாங்காது. கேம் பாய் நான்கே பேட்டரியில் 10 மணி நேரத்துக்கு மேல் ஓடும். கீழே விழுந்தாலும் உடையாது. விலையும் கம்மி. கேம் பாயும் அதன் கலர் வாரிசும் சேர்ந்து 11.8 கோடிக்கு மேல் விற்றன.

கேம் இல்லாத வேலைகள் இந்தக் கருவியைத் தேடி வந்ததற்குக் காரணமும் இதுவே. கோடிக்கணக்கான வீடுகளில் மலிவான ஒரு குட்டி கம்ப்யூட்டர் ஏற்கனவே இருக்கிறது. பின்பக்கம் கேட்ரிட்ஜ் சொருகும் இடம். பக்கவாட்டில் இன்னொரு கருவியோடு இணைக்கும் கேபிள் ஓட்டை. பெட்டிக்கடையில் கிடைக்கும் பேட்டரி. இனி யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொருகிப் பார்க்கலாம். பார்த்தார்கள்.

1991-ல் கேம்டெக் என்ற அமெரிக்க நிறுவனம் இன்ஃபோஜீனியஸ் என்ற வரிசையில் கேட்ரிட்ஜ்கள் விட்டது. பயண வழிகாட்டி, பிரெஞ்சு, ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு, ஸ்பெல்லிங் சரிபார்ப்பு, கால்குலேட்டர், முகவரிப் புத்தகம். நல்ல யோசனைதான், ஆனால் கீபோர்டு இல்லை. கூட்டல் குறி பட்டனை நகர்த்தி ஒவ்வொரு எழுத்தாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பெயரையும் முகவரியையும் ஏற்றுவதற்குள் பாக்கெட் டைரியில் பத்து பேருடையதை எழுதிவிடலாம். இந்தக் குறையைப் போக்க, கீபோர்டோடு வொர்க்பாய் என்ற துணைக்கருவி 1992-ல் காட்டப்பட்டது. நாட்காட்டி, முகவரி, நாணய மாற்று எல்லாம் உண்டு. விற்பனைக்கு வரவே இல்லை. 2020-ல் ஒரு மாதிரிக் கருவி கிடைத்து, அது மறுபடி இயக்கிக் காட்டப்பட்டது.

ஜெயித்தவை, எழுத்து தட்டத் தேவையில்லாத பயன்பாடுகள். 1998-ல் வந்த கேம் பாய் கேமரா கறுப்பு வெள்ளையில், மங்கலாக, 30 படம் மட்டும் பிடிக்கும். கூடவே வந்த குட்டி பிரிண்டர், கடை பில் அடிக்கும் முறையில், மை இல்லாமல் சூட்டிலேயே அச்சடிக்கும். குழந்தைகள் கைக்கு டிஜிட்டல் கேமரா எட்டாத காலம் அது என்பதை மறக்கக்கூடாது. 2017-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில், 1838-ல் செய்த பழைய தொலைநோக்கியில் இதே கேமராவைப் பொருத்தி நிலவையும் வியாழனையும் படம் பிடித்தார்கள்.

அதே 1998-ல் ஜப்பானில் பாண்டாய் நிறுவனம் பாக்கெட் சோனார் விற்றது. கேபிள் நுனியில் இருக்கும் கருவியைத் தண்ணீரில் மிதக்க விட்டால், ஒலி அலையை அனுப்பி, 20 மீட்டர் ஆழம் வரை மீன் இருக்கிறதா என்று கேம் பாய் திரையில் காட்டும்.

2000-ல் வந்தது இன்னும் ஆச்சரியம். நம் ஊர் வீடுகளில் பாட்டி காலத்து சொத்தாக நிற்கிறதே சிங்கர் மெஷின், அதே சிங்கர், கேம் பாயோடு கேபிளில் இணையும் ஐசெக் என்ற தையல் மெஷினை விட்டது. எந்தத் தையல், காஜா எந்த அளவு, எந்த எழுத்து என்று கேம் பாயில் தேர்ந்தெடுத்தால் மெஷின் தைத்துவிடும். தையல் மெஷினுக்குள் தனியாகத் திரையும் கம்ப்யூட்டரும் வைக்க ஆகும் செலவு மிச்சம்.

இசைக்காரர்களும் விடவில்லை. நானோலூப், லிட்டில் சவுண்ட் டிஜே என்ற இரண்டு மென்பொருள்கள் கேம் பாயின் நான்கு ஒலி சேனல்களையும் ஒரு இசைக்கருவியாகவே மாற்றின. இன்றும் கேம் பாயைக் கையில் வைத்து மேடையேறும் கலைஞர்கள் இருக்கிறார்கள்.

இவற்றில் எதையும் யோகோய் வடிவமைக்கவில்லை. பெரும்பாலானவை கடைக்கு வந்தபோது அவர் உயிரோடும் இல்லை.

சிவப்புத் திரையில் விழுந்த அடி

1995 ஜூலை 21-ல் வந்த வர்ச்சுவல் பாய்தான் யோகோயின் பெரிய தோல்வி. முகத்தைப் புதைத்துப் பார்க்க வேண்டிய, சிவப்பு மட்டுமே தெரியும் முப்பரிமாணக் கருவி. கையடக்கம் என்றும் சொல்ல முடியாது, டிவியில் மாட்டவும் முடியாது. சிவப்பு எல்இடி மலிவு என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார். பழைய கொள்கை இந்த இடத்தில் காலை வாரிவிட்டது என்றே சொல்ல வேண்டும். கண் வலி, தலைவலி என்று புகார்கள் வந்தன. ஒரே ஆண்டுக்குள் கடையைக் கட்டினார்கள். விற்றது எட்டு லட்சத்துக்கும் கீழே.

1996 ஆகஸ்ட்டில் யோகோய் நிண்டெண்டோவை விட்டு வெளியேறினார். தோல்விக்குப் பொறுப்பேற்றுத்தான் போனார் என்று அப்போதே பேச்சு. அவரோ அதை மறுத்து, தனியாகத் தொழில் செய்யும் ஆசை ரொம்ப நாளாகவே இருந்தது என்று எழுதினார். போவதற்கு முன் செய்து முடித்தது கேம் பாய் பாக்கெட். மெலிசான உடம்பு, தெளிவான திரை. தோற்றவராகப் போகக்கூடாது என்று நினைத்திருந்தால், அதற்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

கியோட்டோவில் கோட்டோ என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, பாண்டாய்க்காக ஒரு புதிய கையடக்க கருவியில் இறங்கினார். பெயர் வொண்டர்ஸ்வான். ஒரே ஒரு ஏஏ பேட்டரியில் 30 மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும் என்பது கணக்கு.

1997 அக்டோபர் 4. இஷிகாவா மாகாணத்தில் ஹொகுரிகு நெடுஞ்சாலையில் யோகோய் பயணித்த கார் ஒரு சின்ன விபத்தில் சிக்கியது. இறங்கி சேதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மீது வேகமாக வந்த இன்னொரு கார் மோதியது. வயது 56.

வொண்டர்ஸ்வான் 1999 மார்ச் 4-ல், 4,800 யென் விலையில் வந்தது. முதல் நாளே அதோடு வந்த புதிர் கேமுக்கு அவர் நினைவாக குன்பே என்று பெயர். மறு ஆண்டே வொண்டர்விட்ச் என்ற தொகுப்பு விற்பனைக்கு வந்தது. அதை வாங்கினால் சாதாரண ஆட்களே சி மொழியில் புரோகிராம் எழுதி இந்தக் கருவியில் ஓட்டலாம்.

அவருக்குப் பிறகு

2004-ல் நிண்டெண்டோ டிஎஸ் வந்தது. இரண்டு திரை, மடக்கும் உடம்பு. 1982-ல் யோகோயின் குழு செய்த ஆயில் பேனிக் கேம் அண்ட் வாட்ச்சைப் பார்த்தால் குடும்ப ஜாடை தெரியும். டிஎஸ்ஸில் தொடுதிரையும் மைக்கும் வந்ததால் எழுத்து தட்டும் தொல்லை தீர்ந்தது. 2006-ல் ஜப்பானில் வந்த காஞ்சி அகராதியில் தெரியாத எழுத்தைத் திரையில் எழுதினாலே பொருள் வரும். அதே ஆண்டு வந்த சமையல் வழிகாட்டி ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லும். மாவு பிசைந்த கையோடு இருப்பவர் குரல் கொடுத்தாலே அடுத்த படிக்குப் போகும். 2012-ல் பாரிஸின் லூவர் அருங்காட்சியகம், பார்வையாளர்கள் கையில் ஆடியோ கைடாகக் கொடுத்தது நிண்டெண்டோ 3டிஎஸ்ஸைத்தான்.

2020 நவம்பர் 13-ல் நிண்டெண்டோ கேம் அண்ட் வாட்ச்சை மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தது. கலர் திரை, சார்ஜ் போடும் பேட்டரி, உள்ளே சூப்பர் மரியோ. வலது ஓரத்தில் மணி பார்க்க ஒரு தனி பட்டனும் இருக்கிறது.