மானிப்பாயில் பிறந்த டொக்டர் மைனர்

ஆங்கிலச் சொல்லொன்றின் பொருளில் ஐயம் ஏற்பட்டால் நாம் தேடிப்போவது ஒக்ஸ்போர்ட் அகராதியைத்தான். அந்தப் பேரகராதி உருவாகிய காலத்தில், ஒரு சதமும் கூலி பெறாமல் அதற்காக மிக அதிகமாக உழைத்தவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் மனநோயாளர் காப்பகமொன்றில் 38 ஆண்டுகள் அடைபட்டிருந்த ஒரு நோயாளி. அவர் ஒரு வைத்தியர். அதைவிட வியப்பு, அவர் பிறந்த இடம் எமது நாட்டின் மானிப்பாய். அவரது பெயர் வில்லியம் செஸ்டர் மைனர்.

மைனர் 1834ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிறந்தார். தந்தை ஈஸ்ட்மன் ஸ்ட்ரோங் மைனர், அமெரிக்க மிஷனைச் சேர்ந்த அச்சாளர். மதப் பணிக்காக அமெரிக்காவிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தவர். 1841இல் தொடங்கிய 'உதயதாரகை' பத்திரிகையை அச்சிட்டு வெளியிட்டவரும் இவரே. 1842இல் மானிப்பாய் அமெரிக்க மிஷன் அச்சகத்திலிருந்து ஒரு தமிழ் அகராதி வெளிவந்தது. சந்திரசேகர பண்டிதர் தொகுத்த அந்த நூலை யாழ்ப்பாண அகராதி என்றும் மானிப்பாய் அகராதி என்றும் அழைப்பார்கள். ஏறக்குறைய 58,500 சொற்களைக் கொண்டது அது. அந்த ஆண்டு சிறுவன் வில்லியமுக்கு எட்டு வயது. பிற்காலத்தில் உலகின் மிகப் பெரிய ஆங்கில அகராதிக்கு உழைக்கவிருந்த பிள்ளை, தமிழ் அகராதியொன்று அச்சான ஊரில், அச்சாளர் ஒருவரின் மகனாக வளர்ந்தது அழகான பொருத்தமல்லவா!

ஆனால் அந்தச் சிறுவனின் வாழ்வில் துயரமும் சீக்கிரமே வந்து சேர்ந்தது. மூன்று வயதிலேயே தாயை இழந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டார். பதினான்கு வயதில் அவரைத் தனியே அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரிலிருந்த உறவினரிடம் படிக்க அனுப்பினார்கள். நன்றாகப் படித்தார். படம் வரைவார், புல்லாங்குழல் வாசிப்பார். யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்று 1863இல் பட்டம் பெற்றார்.

அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. இளம் வைத்தியர் வட மாநிலப் படையில் சத்திரசிகிச்சை வைத்தியராகச் சேர்ந்தார். 1864 மே மாதத்தில் வேர்ஜீனியாக் காட்டுப்பகுதியில் நடந்த கொடிய சண்டையின்போது அவர் பணியில் இருந்தார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். அங்கே காடு தீப்பற்றி எரிந்தது. காயமடைந்து எழும்ப முடியாமல் கிடந்த வீரர்கள் பலர் அந்த நெருப்பிலேயே மாண்டார்கள்.

போர் முடிந்த பின்னர் மைனரிடம் மாற்றங்கள் தெரியத் தொடங்கின. தன்னுடைய சக அதிகாரிகள் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று நம்பினார். எந்நேரமும் துப்பாக்கியோடு திரிந்தார். 1868இல் வொஷிங்டனிலிருந்த அரச மனநோய் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டு, ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுகள் அங்கே இருந்தார். இராணுவம் அவருக்கு ஓய்வூதியம் வழங்கி விடுவித்தது. போர்க்களத்தில் கண்டவைதான் நோய்க்குக் காரணம் என்று சொல்லிவிடுவது இலகு. ஆயினும் இத்தகைய நோய்கள் ஒரே காரணத்தால் வருவதில்லை என்பதே இன்றைய மருத்துவத்தின் முடிவு. பரம்பரை, மூளையில் ஏற்படும் மாற்றங்கள், வாழ்வின் பெரும் அழுத்தங்கள் ஆகிய யாவும் சேர்ந்தே நோயைக் கொண்டுவருகின்றன.

இடம் மாறினால் மனம் ஆறும் என்ற நம்பிக்கையோடு 1871இல் மைனர் இலண்டன் சென்றார். ஆனால் நோயும் அவரோடு கப்பலேறிச் சென்றது. இரவுகளில் யாரோ தனது அறைக்குள் நுழைகிறார்கள், தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்ற எண்ணம் அவரை உறங்க விடவில்லை. 1872 பெப்ரவரி 17ஆம் திகதி அதிகாலையில், அறைக்குள் வந்தவனைத் துரத்துவதாக எண்ணி வீதிக்கு ஓடிய மைனர், எதிரே வந்த ஒருவரைச் சுட்டுவிட்டார். இறந்தவர் ஜோர்ஜ் மெரெட் என்னும் தொழிலாளி. அந்தக் குளிரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அவருக்கும் மைனருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவருக்கு ஆறு பிள்ளைகள். மனைவி எலிசா அப்போது கர்ப்பிணி. மைனருக்காக நாம் இரங்கும்போது இந்தக் குடும்பத்தையும் மறந்துவிடக்கூடாது.

நீதிமன்றம், சித்த சுவாதீனம் இழந்த நிலையில் செய்த செயல் என்பதால் அவரைக் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பளித்தது. இஸ்லாமும் புத்தி பேதலித்தவர் மீது, அவர் தெளிவு பெறும்வரை, கடமைகளையும் குற்றத்தையும் சுமத்துவதில்லை என்பதை நாம் அறிவோம். ஆயினும் அவரைச் சுதந்திரமாக விடவும் முடியாது. எனவே பேர்க்ஷயர் மாவட்டத்தின் குரோதோர்ன் கிராமத்திலிருந்த புரோட்மூர் காப்பகத்துக்கு அவர் அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 37.

புரோட்மூரின் அக்கால அத்தியட்சகர் வில்லியம் ஓரேஞ்ச் கருணையுள்ளவர். கல்விமானாகிய இந்த நோயாளிக்கு இரண்டு அறைகளை ஒதுக்கிக் கொடுத்தார். ஓய்வூதியப் பணத்தில் மைனர் பழைய புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார். நாளடைவில் ஓர் அறை நூலகமாகவே மாறிவிட்டது.

பகலில் அவர் அமைதியானவர், பண்பாகப் பேசுபவர். இரவு வந்தால் நிலைமை வேறு. நிலப்பலகையின் அடியிலிருந்து மனிதர்கள் ஏறி வருகிறார்கள், தனக்கு நஞ்சூட்டுகிறார்கள், தன்னைத் தூர தேசங்களுக்குத் தூக்கிச் செல்கிறார்கள் என்று நம்பினார். கதவுக்குத் தளபாடங்களை அண்டை கொடுத்துவிட்டே படுப்பார். இவை யாவும் நோயின் அறிகுறிகள். இல்லாத குரலைக் கேட்பதும், நடக்காததை நடந்ததாக உறுதியாக நம்புவதும் இந்த நோயின் இயல்பு. நோயாளி பொய் சொல்லவில்லை, நடிக்கவுமில்லை. அவருக்கு அந்தப் பயம் முழுக்க முழுக்க உண்மையானது.

அந்த இருண்ட வாழ்வுக்குள் முதலில் வெளிச்சம் கொண்டுவந்தவர் நாம் யாரும் எதிர்பாராத ஒருவர். தான் செய்தது என்னவென்று தெளிவான வேளைகளில் உணர்ந்து வருந்திய மைனர், மெரெட்டின் குடும்பத்துக்குப் பண உதவி செய்ய முன்வந்தார். எலிசா அதை ஏற்றுக்கொண்டார். அத்தோடு நிற்காமல், தன் கணவரைக் கொன்றவரை நேரில் பார்க்க அனுமதி கேட்டார். அனுமதி கிடைத்தது. பின்னரும் பல தடவை வந்தார். வரும்போது இலண்டனிலிருந்து அவருக்காகப் புத்தகங்கள் வாங்கி வந்தார். மன்னிப்பு என்பதை இதைவிடத் தெளிவாக யார் விளக்க முடியும்?

இனி அகராதிக்கு வருவோம். ஆங்கில மொழியின் ஒவ்வொரு சொல்லும் எப்போது பிறந்தது, நூற்றாண்டுதோறும் அதன் பொருள் எவ்வாறு மாறியது என்பதை நூல்களிலிருந்து எடுத்த சான்றுகளோடு காட்டும் அகராதியொன்றை உருவாக்க அறிஞர்கள் விரும்பினார்கள். 1879இல் ஜேம்ஸ் மரே அதன் ஆசிரியரானார். ஆயிரக்கணக்கான நூல்களை ஒரு சிலர் படித்து முடிக்க இயலுமா? ஆகவே, பழைய நூல்களைப் படித்து, சொற்கள் வரும் வாக்கியங்களைச் சிறு தாள்களில் எழுதி அனுப்புமாறு மரே பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். அந்த வேண்டுகோள் புரோட்மூரின் கம்பிகளைத் தாண்டி மைனரின் கைக்கும் வந்து சேர்ந்தது.

அவர் வேலை செய்த முறை கவனிக்கத்தக்கது. ஏனைய தொண்டர்கள் கண்ணில் பட்ட சொற்களை உடனுக்குடன் எழுதி அனுப்பினார்கள். மைனர் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு நூலுக்கும் தனித்தனியே ஒரு சிறு கொப்பி தயாரித்து, அதில் வரும் முக்கியமான சொற்களை அகரவரிசையில் பக்க எண்களோடு மிகச் சிறிய எழுத்தில் குறித்து வைத்தார். பிறகு, நீங்கள் இப்போது எந்தச் சொல்லில் வேலை செய்கிறீர்கள் என்று அகராதிக் காரியாலயத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். பதில் வந்ததும் தன் கொப்பிகளைப் புரட்டி, அந்தச் சொல்லுக்கு வேண்டிய சான்றுகளை மட்டும் எழுதி அனுப்பினார். ஆசிரியர்களுக்கு வேண்டியது வேண்டிய வேளையில் கிடைத்தது. இப்படியாக ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆயிரக்கணக்கான தாள்கள் குரோதோர்னிலிருந்து ஒக்ஸ்போர்டுக்குப் பயணம் செய்தன. அகராதியின் முன்னுரையில் அவரது பெயரும் நன்றியோடு இடம்பெற்றது. கடந்த நான்கு நூற்றாண்டுகளின் சொற்களை மைனர் அனுப்பிய சான்றுகளை மட்டும் வைத்தே விளக்கிவிடலாம் என்று மரே பாராட்டினார்.

இவர்கள் இருவரும் முதன்முதலில் சந்தித்ததைப் பற்றி ஒரு சுவையான கதை உண்டு. மைனரைக் காப்பகத்தின் வைத்தியர் என்று நினைத்துக்கொண்டு மரே சென்றாராம், அங்கே போன பின்னர்தான் அவர் நோயாளி என்று தெரிந்து திகைத்தாராம். பத்திரிகைகள் பரப்பிய இந்தக் கதை உண்மையல்ல. அமெரிக்க நூலகர் ஒருவர் மூலம் மரே விடயத்தை முன்னரே அறிந்திருந்தார். அறிந்துகொண்டேதான் 1891இல் போய்ப் பார்த்தார். கதையைவிட இந்த உண்மையே எனக்கு உயர்வாகத் தோன்றுகிறது. நோயாளி என்று தெரிந்த பிறகும் மரே அவரை ஒதுக்கவில்லை, ஒரு சக அறிஞராகவே மதித்தார். பல ஆண்டுகள் அந்த நட்பு தொடர்ந்தது.

வேலை மைனரின் நோயைக் குணப்படுத்தியது என்று சொன்னால் அது பிழை. சொற்களைத் தேடிய பகல்களுக்குப் பிறகும் அவரது இரவுகள் பயங்கரமாகவே இருந்தன. 1902இல் நோயின் உக்கிரத்தில் தனக்குத்தானே கடும் காயம் ஏற்படுத்திக்கொண்டார். உடல் தளர்ந்தது. புதிதாக வந்த அத்தியட்சகர் கண்டிப்பானவராக இருந்தமையால் முன்னைய சலுகைகளும் குறைந்தன. அவரைச் சொந்த நாட்டுக்கு அனுப்புமாறு மரே உட்படப் பலர் வேண்டினார்கள். 1910இல் உள்துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சேர்ச்சில் அதற்கு அனுமதி வழங்கினார். மரேயும் அவரது மனைவியும் வந்து விடைகொடுத்தனர். 75 வயது முதியவராக மைனர் தன் சகோதரரின் துணையோடு அமெரிக்கா திரும்பினார்.

அங்கேதான் வைத்தியர்கள் அவரது நோய்க்கு ஒரு பெயர் வைத்தார்கள். அக்காலத்தில் அதனை இளமைக்கால மூளைத் தேய்வு என்ற பொருள்படும் பெயரால் அழைத்தனர். இன்று நாம் ஸ்கீசோபிரேனியா, மனச்சிதைவு நோய் என்று கூறுவது அதனையே. 1920 மார்ச் 26ஆம் திகதி மைனர் காலமானார். அகராதி 1928இல்தான் நிறைவுபெற்றது. முழு நூலை மைனரும் காணவில்லை, 1915இல் இறந்த மரேயும் காணவில்லை.

மைனர் வாழ்ந்த காலத்தில் இந்த நோய்க்கு மருந்து இருக்கவில்லை. முதலாவது பயனுள்ள மருந்து 1950களில்தான் வந்தது. இன்று தொடர்ந்து மருந்து எடுத்து, குடும்பத்தின் ஆதரவோடு, தொழில் செய்து வாழ்பவர்கள் பலர். இந்நோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் எவருக்கும் தீங்கு செய்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் எமது ஊர்களில் நிலைமை என்ன? ஒரு பிள்ளையின் பேச்சும் நடத்தையும் மாறினால் ஜின் என்கிறோம், சூனியம் என்கிறோம். கலியாணப் பேச்சு குழம்பிவிடும் என்று அஞ்சி வீட்டுக்குள் மறைக்கிறோம். அங்கொடை என்ற ஊரின் பெயரையே கேலிச்சொல்லாக ஆக்கிவிட்டோம். ஓதிப் பார்க்கட்டும், துஆக் கேட்கட்டும், அதில் தவறில்லை. வைத்தியரிடமும் காலம் தாழ்த்தாமல் அழைத்துச் செல்ல வேண்டும். நோயைத் தந்த அல்லாஹ் அதற்கு மருந்தையும் தந்திருக்கிறான், மருத்துவம் செய்யுங்கள் என்பதே எமது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. ஆலோசனை வேண்டுவோர் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

டெங்குக் காய்ச்சல் வந்தவரைப் பார்க்க ஹோர்லிக்ஸ் போத்தலோடு போகிறோம். மனநோயாளி இருக்கும் வீட்டுப் படியை மட்டும் மிதிக்க மாட்டோம். நோயாளியைச் சுகம் விசாரிப்பது கடமை என்று சொன்ன மார்க்கம், உடல் நோயாளியை மட்டும் என்று பிரித்துச் சொல்லவில்லையே. மைனருக்கு அக்காலத்தில் யாராலும் சுகம் கொடுக்க முடியவில்லை. ஆனால் ஒரு விதவை புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். ஓர் அறிஞர் கடிதம் எழுதினார், வேலை கொடுத்தார், வந்து பார்த்தார். அவ்வளவுதான் அவர்கள் செய்தது. அதை எமது ஊரிலும் யாரும் செய்யலாம்.