கூடை சுமந்த பொறியாளர்

வெளிநாட்டு இளைஞர்கள் குழுவாக வந்து, ஏழைகள் வாழும் ஊரில் சில வாரங்கள் தங்கி, வீடு கட்டித் தந்துவிட்டுத் திரும்புவதை இன்று பல நாடுகளில் காண்கிறோம். இதைப் பாராட்டுவோர் உண்டு. விமானக் கட்டணத்துக்குச் செலவாகும் தொகையை உள்ளூர்க் கொத்தனாருக்குக் கூலியாகக் கொடுத்தால் இன்னும் பல வீடுகள் எழும் என்று குறை கூறுவோரும் உண்டு. இந்தக் கேள்வியைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்திய மண்ணில் நேருக்கு நேர் சந்தித்தவர், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரெசோல்.

1879-இல் லொசான் நகரில், அந்நாட்டின் உயர்குடிக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தந்தை பால் செரெசோல் 1873-இல் சுவிட்சர்லாந்தின் அதிபராக இருந்தவர். மகன் பொறியியல் படித்து முனைவர் பட்டம் பெற்றார். வசதியான பதவி காத்திருந்தும் அதை நாடாமல் அமெரிக்கா, ஹவாய், ஜப்பான் எனச் சில ஆண்டுகள் சுற்றி, பல வேலைகள் செய்து வாழ்ந்தார். உழைக்காமல் வந்த பணம் தமக்கு உரியதன்று என்று கருதி, தம் பங்குக்குக் கிடைத்த குடும்பச் சொத்தை அரசிடமே ஒப்படைத்தார்.

முதல் உலகப் போர் அவரைப் போர் எதிர்ப்பாளராக்கியது. ராணுவ வரி செலுத்த மறுத்துச் சிறை சென்றார். ஆனால், மறுப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை என்பது அவரது எண்ணம். ராணுவம் இளைஞர்களிடம் கேட்கும் ஒழுக்கத்தையும் உழைப்பையும் அழிவுக்கன்றி ஆக்கத்துக்குத் திருப்ப வேண்டும் என்று விரும்பினார்.

1920-இன் இறுதியில், பிரான்ஸில் வெர்டன் போர்க்களத்துக்கு அருகே தரைமட்டமாகிக் கிடந்த எஸ்ன் கிராமத்துக்கு ஒரு சிறு குழுவுடன் சென்றார். அக்குழுவில் ஜெர்மானியர்களும் இருந்தனர். இடிபாடுகளை அகற்றி, ஊர் திரும்பும் குடும்பங்களுக்குத் தற்காலிக மரவீடுகள் எழுப்பினர். நேற்றைய பகைவனின் உதவியை ஏற்க எல்லோருக்கும் மனம் வரவில்லை. எதிர்ப்பு வலுத்ததால் சில மாதங்களிலேயே வெளியேற நேர்ந்தது. இருப்பினும் 'சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பு அங்குதான் வேர்விட்டது. 1928-இல், ரைன் நதி வெள்ளத்தில் சேதமடைந்த லீச்டென்ஸ்டைன் நாட்டைச் சீரமைக்கப் பல நாடுகளிலிருந்து சுமார் 700 பேர் திரண்டனர்.

1934 ஜனவரி 15 அன்று பிகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வடபிகாரில் பூமி பிளந்து மணலும் நீரும் பீறிட்டன. வயல்களை மணல் மூடியது, கிணறுகள் தூர்ந்தன. அப்போது அரிஜன யாத்திரையில் தமிழ்நாட்டில் இருந்த காந்தியடிகள், தீண்டாமை என்னும் பாவத்துக்கான தண்டனையே இப்பேரிடர் என்று திருநெல்வேலியில் பேசியதும், அதை ரவீந்திரநாத் தாகூர் மறுத்ததும் வரலாறு. சிறையிலிருந்து விடுதலையான ராஜேந்திர பிரசாத் நிவாரணப் பணிக்குத் தலைமை ஏற்றார்.

1931-இல் காந்தியடிகள் சுவிட்சர்லாந்து சென்றபோதே அவரைச் சந்தித்திருந்த செரெசோல், செய்தியறிந்து 1934-இல் பிகாருக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 54. முசாபர்பூர் வட்டாரத்தைச் சுற்றிப் பார்த்த அவருக்கு ஓர் உண்மை புரிந்தது. நிலமட்டமே மாறிவிட்டதால், பல கிராமங்கள் இனி மழைக்காலந்தோறும் மூழ்கும். இடிந்த வீட்டை அதே இடத்தில் எழுப்புவதால் பயனில்லை. ஊரையே மேட்டுநிலத்துக்கு மாற்ற வேண்டும்.

ஐரோப்பாவில் எழாத கேள்வி இங்கே எழுந்தது. பிகாரில் உழைக்கும் கைகளுக்குப் பஞ்சமில்லை. வேலையின்றித் தவித்தோரே அதிகம். அப்படியிருக்கக் கடல் கடந்து வந்து மண் வெட்டுவானேன்?

அவர் பெரும் படையைத் திரட்டவில்லை. சுவிஸ், ஆங்கிலேய நண்பர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே உடன் வந்தனர். ஊர் மக்களோடு சேர்ந்து மண் வெட்டினர், கூடையில் சுமந்தனர். வெள்ளையர் என்றால் ஆணையிடுவோர் என்றே அறிந்திருந்த காலம் அது. மண் சுமப்பது தாழ்ந்த வேலை, அதற்கென்று சில சாதிகள் உண்டு என்று நம்மவர்களும் நம்பியிருந்த காலம். முன்னாள் அதிபரின் மகன் கூடை சுமந்து நடந்த காட்சி, இவ்விரு நம்பிக்கைகளையும் ஒருசேரக் கேள்விக்குள்ளாக்கியது. அவர் கொண்டு வந்தது கூடுதலாக இரண்டு கைகளை அன்று; உழைப்பில் மேல்கீழ் இல்லை என்பதற்கான சான்றை.

பிரிட்டிஷ் நிர்வாகத்துடனும் தேசத் தலைவர்களுடனும் ஒருங்கே பழகி, 1937 வரை தவணை முறையில் வந்து பணியாற்றினார். அவ்வாறு உருவான புதிய ஊர்களில் ஒன்றுக்குச் சாந்திபூர் என்று பெயர்.

இரண்டாம் உலகப் போரின்போது, அனுமதியின்றி எல்லை கடந்து ஹிட்லரின் ஜெர்மனிக்குள் சென்று அமைதியை வலியுறுத்த முயன்றதற்காக மீண்டும் சிறைப்பட்டார். உடல்நலம் குன்றி, போர் முடிந்த சில மாதங்களில், 1945 அக்டோபர் 23 அன்று காலமானார். அவர் தொடங்கிய அமைப்பு இந்தியா, இலங்கை உள்பட பல நாடுகளில் இன்றும் இயங்குகிறது.

செரெசோல் வீடு கட்டச் சென்ற அதே பிகாரிலிருந்து, இன்று தொழிலாளர்கள் சென்னையின் மேற்குப் புறநகருக்கு வருகிறார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் எழும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் மேம்பாலங்களிலும் அவர்களது வியர்வை கலந்திருக்கிறது. அவர்கள் தொண்டர்கள் அல்லர், கூலிக்காக வருகிறவர்கள். நமக்கு வீடு கட்டும் அவர்களில் பலர் இரவில் உறங்குவது, கட்டடத்தின் ஓரத்தில் போட்ட தகரக் கொட்டகையில். கோடையில் அது கொதிக்கும், மழையில் ஒழுகும். வீடு முடிந்து நாம் குடிபுகும் நாளில் கொட்டகையும் அதிலிருந்தவர்களும் அடுத்த மனைக்கு நகர்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவரது பெயரைக்கூட நாம் அறிந்திருப்பதில்லை.

செரெசோலைப் போலக் கடல் கடந்து செல்ல எல்லோராலும் இயலாது. நம் தெருமுனையில் மண் சுமப்பவரைச் சமமாக மதிக்கவும், அவர் மனிதராகத் தங்கத்தக்க இருப்பிடத்தைக் கட்டுமான நிறுவனத்திடமும் அரசிடமும் கேட்டுப் பெறவும் எந்தப் பயணமும் தேவையில்லை. வீடு வாங்கும் ஒவ்வொருவரும், சுவரின் உறுதியை விசாரிக்கும்போதே அதை எழுப்பியவர் எங்கே உறங்கினார் என்றும் விசாரிக்கலாமே!